அழுகைப் பாடம்

அவசரத்துக்கு அழுகை வராமல் போகும் என்பது ஜெனிஷாவுக்கு அன்று காலை பத்தரை மணிக்குத்தான் தெரிந்தது. திண்டுக்கல்லில் பழனி சாலையை ஒட்டிய புதுக் குடியிருப்பு ஒன்றின் நான்காவது மாடி. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் அவள், ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆம்புலன்ஸ்காரர்கள், எதிர்வீட்டு ரித்திக் தாத்தா. அந்தப் பக்கம் யாழினி கதவை அடித்து அடித்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்துத் தரையில் அவள் கணவன் கவின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

கதவின் நெற்றியில் இருந்த சின்னத் திரையில் இரண்டே சொற்கள் நிதானமாக எரிந்துகொண்டிருந்தன. நபர் உறுதிப்படவில்லை. உள்ளே அழுகிறவள் யாழினி இல்லை என்று யாழினியின் வீட்டுப் பூட்டே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தப் பூட்டுச் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு காலத்தில் பூட்டுக்காரர் என்றால் தெருமுனையில் குடையை விரித்து, அரமும் சாவிக்கொத்துமாக உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பித்தளை தெரிந்தால் போதும், மனுஷர்களைத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பிறகு எண்ணைத் தட்டினால் திறக்கும் பூட்டு வந்தது, விரலை வைத்தால் திறப்பது வந்தது, முகத்தைக் காட்டினால் திறப்பது வந்தது. திருடர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? பூட்டை உடைக்க முடியாவிட்டால் ஆளை உடைப்போம் என்று ஆரம்பித்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்தால் வீட்டுக்காரரே முகத்தைக் காட்டுவார், கதவும் மரியாதையாகத் திறந்து வழிவிடும். ஊர் ஊராக இது நடந்த பிறகுதான் மனமறி பூட்டு வந்தது.

மனமறி பூட்டுக்கு நீங்கள் யார் என்பது பாதிதான் முக்கியம். என்ன நிலைமையில் நிற்கிறீர்கள் என்பது மீதி. குரல், மூச்சு, நாடி, நடை எல்லாவற்றையும் கவனிக்கும். பயந்த ஆளுக்குத் திறக்காது. வெளியிலிருந்தும் திறக்காது, உள்ளிருந்தும் திறக்காது. வீட்டுக்காரரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன சம்பவங்கள் நடந்ததால் அப்படி ஓர் ஏற்பாடு. புகை வந்தால் தானாகத் திறந்துவிடும். மற்றபடி எது என்றாலும் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையும் காவல் நிலையமும் சேர்ந்து ஒப்புதல் தரவேண்டும். அதற்கு அரைமணி நேரம் ஆகும், அதுவும் நல்ல நாளாக இருந்தால். கதவை அறுக்க வேண்டுமானால் ஒரு மணி நேரம்.

இப்படிப்பட்ட பூட்டைக் கதவில் மாட்டிவிட்டால் மட்டும் போதாது, வீட்டு மனிதர்களைப் பழக்கிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்கிறவருக்குப் பூட்டுப் பழக்குநர் என்று பெயர். ஜெனிஷாவுக்கு அதுதான் வேலை. குடிவந்த வீட்டு வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஆறு பாடம் பதிய வேண்டும். சாதாரணமாக இருக்கும்போது ஒன்று, பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒன்று, சிரிப்பில், கோபத்தில், காய்ச்சலில் ஒவ்வொன்று. ஆறாவது, அழுகை. அழுகையும் பயமும் பூட்டின் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் அழுகைப் பாடம் கட்டாயம் வேண்டும். இது இல்லாவிட்டால் துக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரியைக் கத்திமுனையில் நிற்பவள் என்று பூட்டு நினைத்துக்கொள்ளும்.

கம்பெனியில் இதை எழுதி வைத்த புண்ணியவான் நம் ஊர் மனிதர்களைப் பார்த்திருக்க மாட்டார். பால் காய்ச்சி நாலு நாள் ஆகாத வீட்டு நிலைவாசலில் நின்று யார் அழுவார்கள்? மாவிலைத் தோரணம் இன்னும் வாடியிருக்காது. கோபப் பாடத்துக்குக்கூட முகம் சுளிப்பவர்கள் அழுகை என்றதும் எழுந்தே போய்விடுவார்கள். சிலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதே வீட்டில் கவின் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அதெல்லாம் வேணாம்க்கா, நீங்களே எதையாச்சும் போட்டு முடிச்சு விட்டுடுங்க என்று. ஆறு பாடமும் நிரம்பாவிட்டால் பூட்டு வேலைக்கே வராது. வீடோ திறந்து கிடக்கிறது.

ஜெனிஷா எதையாச்சும் போட்டு முடித்தாள். எல்லோரும் உள்ளே போன பிறகு, வாசலில் தனியாக நின்று அவளே அழுதாள். பதியும்போது பூட்டு எதிர்க்கேள்வி கேட்காது, பழக்குநர் இது யாழினி என்று சொன்னால் அதற்கு அது யாழினி. கண்ணீரை மட்டும் வரவழைத்து ஏமாற்ற முடியாது, உள்ளுக்குள் நிஜமாகவே உடைய வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. இருபத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் போன தம்பி டேனியலை நினைத்துக்கொள்வாள். கடைசி நாளில் அவன், சாம்பார் சாதம் வேணும் என்று கேட்டதை நினைத்தால் போதும், நெஞ்சு தானாக வெடிக்கும். முதல் வீட்டில் அப்படி அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி சாப்பிடவில்லை. அப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு வீடு ஆகிவிட்டது.

இது ஊருக்குத் தெரியாது, அவளுடைய மேலாளர் ரோஷனுக்கும் தெரியாது. மற்றப் பழக்குநர்களும் இதைத்தான் செய்கிறார்களோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு, கேட்டதில்லை. கேட்டால் தானும் சொல்ல வேண்டிவரும் அல்லவா.

ஆகவே இன்றைக்கு அந்தக் கதவை உடனே திறக்கக்கூடிய ஆள் ஊரிலேயே ஒருத்திதான். ஜெனிஷா அழுதால் கதவு திறக்கும். பதிவேட்டில்கூட யாழினி அழுதாள், திறந்தது என்றுதான் ஏறும், பொய்யும் வெளியே வராது. பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தவள், கட்டுப்பாட்டு அறையின் அழைப்பு வந்ததும் ஓடி வந்ததே அந்தத் தைரியத்தில்தான். ஆம்புலன்ஸ்காரர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு தம்பியை நினைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

சாம்பார் சாதத்தை நினைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்தாள், அவன் மஞ்சள் கண்ணை நினைத்தாள். எல்லாம் வந்தது, அழுகை வரவில்லை. அவன் முகத்தை நினைத்தால் பின்னாலேயே வாசல் வாசலாக நிலைப்படிகள்தான் வந்தன. போன மாதமே ஒரு வீட்டில் முக்கால்மணி நேரம் தவித்துத்தான் அழுதாள், அப்போதே உறைத்திருக்க வேண்டும். முன்னூற்றுச் சொச்சம் தடவை எடுத்து எடுத்துச் செலவழித்ததில் அந்தத் துக்கம் தேய்ந்து போயிருந்தது. பெற்ற தாய் போல வளர்த்த தம்பி. அவனுக்காக இனி ஒரு சொட்டுக்கூட வராதா என்று நினைத்தபோது பயம் வந்ததே தவிர, கண்ணீர் வரவில்லை.

தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். என்னம்மா பண்றே என்று ரித்திக் தாத்தா கேட்டார். விசும்புகிற மாதிரி செய்து பார்த்தாள், பூட்டு சட்டைகூடச் செய்யவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து, காவல் நிலையத்து ஒப்புதலுக்கு இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்று செய்தி வந்தது. நான்கு நிமிடம் இப்படியே போனது. அந்த நான்கு நிமிடத்தைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்தாள்.

"அக்கா, அவருக்கு மூச்சு ஒரு மாதிரி வருதுக்கா," என்று உள்ளேயிருந்து யாழினியின் குரல் கேட்டது. "உதடெல்லாம் நீலமா ஆகுதுக்கா."

ஜெனிஷா நெற்றியைக் கதவிலிருந்து எடுத்தாள். இனி ஒரே வழிதான் பாக்கி.

"யாழினி, நான் சொல்றதைக் கேளும்மா. அழுகையை நிறுத்து."

"எப்படிக்கா நிறுத்த?"

"நிறுத்தித்தான் ஆகணும். நீ அழுதா அது திறக்காது. சாதாரணமா கடைக்குப் போற மாதிரி கேட்டா திறக்கும். முகத்தைக் கழுவு, தலையைச் சீவிக்கோ. அவர் பக்கம் திரும்பிப் பாக்காத."

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது. யாழினி கதவிடம் திற என்று சொல்லிப் பார்த்தாள், பாதியில் குரல் உடைந்தது. திரை அசையவில்லை. மறுபடி சொன்னாள், மறுபடி உடைந்தது. கட்டளையாகக் கேட்டால் வராது, பேச்சுப் பேச்சாக வந்தால்தான் வரும் என்று ஜெனிஷாவுக்குப் பட்டது. ஒன்பது நாள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவள். யாழினி எதைப் பேசினால் உலகத்தையே மறப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

காய்கறிக்காரியின் குரலை வரவழைத்துக்கொண்டாள். "யாழினி, முருங்கைக்காய் வந்திருக்கு. வேணுமா?"

ஆம்புலன்ஸ்காரர்கள் ஜெனிஷாவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"பிஞ்சா இருக்கா, முத்தலா?" என்றாள் யாழினி. குரல் நடுங்கியது.

"பிஞ்சுதான்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. எல்லாம் நாரு." இந்தத் தடவை நடுக்கம் குறைந்திருந்தது.

"இது நத்தம் பக்கத்துக் காய். ஒடிச்சுப் பாரேன்."

"எங்க ரெண்டு பேருக்குத்தானே, ஒரு கட்டெல்லாம் வேணாம். நாலு காய் எடுத்து வைங்க. வர்றேன்." அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். "கதவு, திற."

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே பாய்ந்தது. யாழினி ஓரமாக ஒதுங்கி நின்றாள், தலை சீவி, முகம் கழுவி, கடைக்குக் கிளம்பிய பெண் மாதிரி. அவர்கள் கவினைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தைவிட்டு இறங்கவில்லை. கவினின் கண் பாதி திறந்திருந்ததை ஜெனிஷா பார்த்தாள்.

கவின் பிழைத்துக்கொண்டான். இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் கை மீறியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டு ஜெனிஷா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் மனமறி பூட்டு எது நடந்தாலும் அறிக்கை எழுதும். எழுதியதை வீட்டுக்காரர் போனுக்குத் தானாக அனுப்பிவிடும். கோரியவர் யாழினி, நிலை அழுகை, பதிவோடு பொருந்தவில்லை, துக்கம் உறுதிப்படவில்லை, திறக்கப்படவில்லை. அடுத்த வரி. கோரியவர் யாழினி, நிலை இயல்பு, முழுப் பொருத்தம், திறக்கப்பட்டது. வீடு கவின் பெயரில் இருந்ததால் அறிக்கை அவன் போனுக்குத்தான் போயிற்று. அவன் மயக்கத்தில் இருந்தபோது அவனுடைய அக்கா திவ்யஸ்ரீ அதைப் பிரித்துப் படித்தாள். படித்ததோடு நிற்கவில்லை, குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் ரோஷன் உற்சாகமாகக் கூப்பிட்டான். கம்பெனி மேல் தப்பே இல்லை, ஆறு பாடமும் முறையாகப் பதிவாகியிருக்கிறது, வாடிக்கையாளரின் அழுகைதான் சரியில்லை என்று மேலிடத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்றான். நிதானமாக நடந்துகொண்டதற்காக ஜெனிஷாவுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வருமாம். அவள் சரி சார் என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு மூன்று நாள் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். வேலைக்குப் போன வீட்டில் காய்ச்சல் பாடத்தையும் கோபப் பாடத்தையும் மாற்றிப் பதிந்துவிட்டு, அழித்து எழுதினாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். சொன்னால் வேலை போகும், உரிமம் போகும், வழக்குக்கூட வரலாம். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, எல்லாம் ஏற்கெனவே சரியாகிவிட்டது. இதைத் தனக்குத்தானே ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டாள். நாலாவது நாள் காலையில், யாரோ துரத்துகிற மாதிரி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

யாழினி வராந்தாவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட சுடிதார், வகிடு எடுத்துச் சீவிய தலை. ஜெனிஷாவைப் பார்த்ததும் வாங்கக்கா, காபி சாப்பிடுறீங்களா என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டு ஜெனிஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முருங்கைக்காய் வாங்கின அதே குரல். அன்றைக்குப் போட்டுக்கொண்டதை அவள் இன்னும் கழற்றவே இல்லை.

கவின் நன்றாகத் தேறிவிட்டானாம், ஆனால் அவளோடு பேசுவதில்லையாம். கண் விழித்த அன்று ஒரே ஒரு தடவை கேட்டானாம், நான் தரையில கிடக்கும்போது பிஞ்சா முத்தலான்னு கேட்டியே யாழினி என்று. அதன் பிறகு போனை வாங்கி அறிக்கையைப் படித்திருக்கிறான். அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. திவ்யஸ்ரீ அண்ணி வீட்டு ஆட்கள் வந்தால் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று யாழினி சொன்னாள். இதையெல்லாம் அவள் யாரோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் பூட்டைப் பத்தி எல்லாம் தெரியும். ஒண்ணு கேக்கணும்," என்றாள் கடைசியில். "அன்னைக்கு நான் நெசமா அழலையா?"

ஜெனிஷாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் அழுததாத்தான் எனக்கு ஞாபகம். ஆனா அது இல்லைன்னு சொல்லுதே. பொய் சொல்ற மிஷின் இல்லையே அது. எனக்குள்ளயே ஏதோ குறை போலன்னு நினைச்சு நினைச்சுப் பாக்கிறேன். இப்பவும் அழுகை வரமாட்டேங்குது, பாருங்க."

ஜெனிஷா எழுந்தாள். இங்கேயே இரும்மா என்று சொல்லிவிட்டு, கவின் படுத்திருந்த அறைக்குள் போனாள்.

கவின் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நலம் விசாரித்துச் சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும் என்று அவள் நின்றபடியே ஆரம்பித்தாள். யாழினியின் அழுகைப் பாடத்தை யாழினி செய்யவில்லை, நான் செய்தேன் என்றாள். உங்கள் வீட்டில் மட்டுமில்லை, முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டில் என்றாள். அன்று வாசலில் நான்கு நிமிடம் தான் அழப் பார்த்ததையும், வராமல் போனதையும், முருங்கைக்காய்ப் பேச்சைத் தானே ஆரம்பித்ததையும் சொன்னாள். முகம் கழுவச் சொன்னது, தலை சீவச் சொன்னது, உங்கள் பக்கம் திரும்பக் கூடாது என்றது எல்லாம் தான்தான் என்றாள்.

அவன் ஜன்னலை விட்டுத் திரும்பினான். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயையே பார்த்தான்.

"அப்ப எங்க வீட்டுக் கதவுல இருக்கிறது யாரோட அழுகை?"

"என்னுது. செத்துப்போன என் தம்பிக்காக அழுதது."

"உங்க தம்பி செத்தது எங்க கதவுக்குத் தெரியுது. நான் செத்திருந்தா தெரிஞ்சிருக்காது." அவன் கண்ணை மூடித் திறந்தான். "நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க. வாசல்ல அழக்கூடாதுன்னு சொன்னவன் நான்தானே."

பிறகு, அவளை உள்ளே வரச் சொல்லுங்கள் என்றான்.

யாழினி வந்தாள். கட்டில் ஓரத்தில் போர்வையைச் சரிசெய்துகொண்டே, என்னங்க, தண்ணி வேணுமா என்று அந்தக் கடைக்குரலில் கேட்டாள். கவின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த ரூமுக்குப் பூட்டு கிடையாது யாழினி," என்றான். "அழு."

அவள் புரியாமல் அவனைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், அது சும்மா சாத்தித்தான் இருந்தது. மறுபடி அவனைப் பார்த்தாள். ஜெனிஷா சத்தம் காட்டாமல் வெளியே வந்து, சுவரோரமாக நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அந்த அழுகை கேட்டது.

ஜெனிஷாவின் காது பழகிய காது, அது தன் வேலையை நிறுத்தாது. ஜெனிஷா அழுதால் முதலில் மூச்சு இழுக்கும், பிறகு விட்டு விட்டு வரும். யாழினியின் அழுகைக்குச் சத்தமே பாதிதான், நடு நடுவே அவனைத் திட்டினாள், ஏங்க இப்படிப் பயமுறுத்துனீங்க என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள், மறுபடி அழுதாள். அவள் பெயரில் ஜெனிஷா பதிந்து வைத்திருந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் எப்படிப் பதிந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு இப்போது துல்லியமாகத் தெரிந்தது.

அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி மூன்றாவது தடவை சரியாக வந்தது. மறுமுனையில் ரோஷன், பாராட்டுக் கடிதம் ரெடியாகிவிட்டது என்று ஆரம்பித்தான்.

"சார், ஒரு நிமிஷம் குறுக்க பேசாம கேளுங்க," என்றாள் ஜெனிஷா. "இந்த ஊர்ல முன்னூத்திப் பன்னெண்டு வீடு இருக்கு. அந்த வீட்டு ஆளுங்க அழுதா கதவு திறக்காது."